மோகனப்ரியா ஒட்டுப்போட்ட வானம்

மோகனப்ரியாவுக்குக் கோபமெல்லாம் தூசியின் மேல்தான். வீட்டுத் தூசி என்றால் துடைப்பத்தை எடுத்திருப்பாள். இது சூரியனைச் சுற்றி மிதக்கிற தூசி. அதன் மேல் வெயில் பட்டு வானமெல்லாம் லேசாக மினுங்குகிறது. அந்த மினுக்கத்தைக் கழித்தால்தான், கோடானுகோடி நட்சத்திரக் கூட்டங்கள் சேர்ந்து உமிழ்ந்த மங்கலான அகச்சிவப்பு ஒளி கையில் கிடைக்கும். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பிய படங்களை வைத்துக்கொண்டு, திருத்தணி ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்து மாடிவீட்டில் அவள் வருடக்கணக்கில் கழித்துக்கொண்டிருந்தாள்.

எப்போதோ கிளம்பி வந்த அந்தப் பழைய ஒளி மாதத்துக்கு மாதம் மாறக்கூடாது. அவள் கணக்கிலோ ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று என்று வந்து மானத்தை வாங்கியது. மாதத்துக்கு மாதம் மாறுவது தூசியின் மினுக்கம்தான், அது இன்னும் போகவில்லை என்று பெங்களூரிலிருந்த ஆய்வு வழிகாட்டி அனுசுயா சொல்லிவிட்டார். மாலைக் கூட்டத்துக்குள் இரண்டும் ஒத்துவராவிட்டால், அவளுடைய அளவீட்டை ஆய்வுக் கட்டுரையிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அழுகை முட்டியது. அழ நேரமில்லை.

கைபடாத மூலப் படங்களைத் திறந்தாள். ஒளியைப் பிரித்து விரித்த பட்டையில் மெல்லிய கறுப்புக் கோடுகள். கருவியின் பழுது என்று முதல் நாளே அவற்றை அக்கம்பக்கத்து வெளிச்சத்தால் நிரப்பியிருந்தாள். யாரும் நிரப்பச் சொல்லவில்லை. அம்மையார்குப்பத்து விசைத்தறி வீட்டில் பிறந்தவள். துணியில் ஊடை இழை விட்டுப்போன கோட்டைக் கண்டாலே ஊசியைத் தேடுகிற கை அது. வானத்தை மட்டும் சும்மா விடுமா?

ஜனவரியையும் ஜூலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் கோடு அழுத்தமாக இருந்தது, மற்றதில் வெளிறிக் கிடந்தது. பழுதுக்கு மாதம் தெரியுமா? சூரிய ஒளியின் பட்டையை எடுத்து அவற்றுக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். அதே இடங்களில் அதே கோடுகள். வெயிலுக்கே உரிய கோடுகள், தூசியில் பட்டுத் திரும்பும்போதும் கூடவே வந்திருக்கின்றன. பழைய ஒளியில் அவை கிடையாது. கோட்டின் ஆழத்தை அளந்தால் போதும், தூசி எவ்வளவு என்று தூசியே சொல்லிவிடும்.

“பாவா,” என்று சமையலறையிலிருந்த கணவன் விஷ்ணுவைக் கூப்பிட்டாள். “ஓட்டையே இல்லாத எடத்துல இத்தினி நாளா ஒட்டு போட்டுகினு இருந்திருக்கேன்.”

“அப்ப பிரிச்சிடு,” என்றான் அவன். அவனுக்கு இதில் வேறென்ன தெரியும்? ஆனால் செய்ய வேண்டியது அதுதான்.

பிரித்தாள். கோடுகளை அளந்து, தூசியைக் கழித்து, திரும்ப ஓடவிட்டாள். கணினி முக்கி முனகி முடித்தபோது ஜனவரியும் ஜூலையும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. மற்ற மாதங்களும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. மோகனப்ரியா நைட்டியோடு கூடத்தை ஒரு சுற்று ஆடி வந்தாள். விஷ்ணு கரண்டியும் கையுமாக நின்று பார்த்தான்.

கூட்டத்தில் அனுசுயா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். இந்தக் கோடுகளை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்.

“நான்தான் மேடம். மறைச்சதும் நான்தான்.”

திரையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அனுசுயா சிரிக்கவில்லை. கட்டுரையின் முதல் படம் இதுதான் என்றார். முதல் பெயரும் அவளுடையதுதான் என்றார். “ஆனா ஒரு கோட்டையும் நிரப்பாம அனுப்பும்மா.”

“ஆங், சரிங்க மேடம்,” என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்போது அழ நேரமிருந்தது.