ஒரே திருகில் கிளம்பிய வண்டி

அத்தானின் பிக்கப் வண்டி நாலு நாள் சும்மா நின்றால் போதும், ஐந்தாம் நாள் கிளம்பாது. சாவியைத் திருகினால் டிக் டிக் என்று முனகும். பேட்டரி பழசு என்று புதுசு மாட்டினார்கள். புதுசுக்கும் அதே கதி. மச்சினன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தான். அது தேமே என்று தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஊரில் எந்த வண்டிக்கு வயரிங் தகராறு என்றாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். அப்பேர்ப்பட்டவனுக்குச் சொந்த அக்கா வீட்டு வண்டி தண்ணி காட்டியது.

"வேலை தெரிஞ்ச ஆளு யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றார் அத்தான்.

அவர் வாய் அப்படி. அந்த வாய்தான் வீட்டையும் குலைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் மகன் இந்த வண்டியை ஒரு சுவரில் உரசிக்கொண்டு வந்து நின்றபோது, சரக்கு எடுக்க வந்த நாலு பேர் முன்னால் சொன்னார்: "நீ இருந்தாலும் ஒண்ணுதான், செத்தாலும் ஒண்ணுதான்." அவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன், போன் நம்பரையும் மாற்றிவிட்டான். எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்றுகூட யாருக்கும் தெரியாது. இப்போதும் போன் அடித்தால் அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிறாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று வருகிறவர்கள் எல்லாம் அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆறுதல் சொல்கிற லட்சணம் அது.

மச்சினன் மூன்றாம் தடவையாக மீட்டரோடு வந்தான். தகரக் கொட்டகையில் நின்ற வண்டியின் பேட்டரிக் கம்பியைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்தான். இருபது மில்லி ஆம்பியர். கடிகாரத்துக்கும் ரேடியோவுக்கும் அவ்வளவு ஆகும், குற்றமில்லை. முன்பு இரண்டு தடவையும் இதைப் பார்த்துத்தான் ஏமாந்து போயிருந்தான். இந்தத் தடவை அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தாள். அது ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது எண் ஒரே தாவலில் அரை ஆம்பியருக்கு ஏறியது.

டீ அப்படியே கிடந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து மறுபடி செருகினான், அந்த அரை இறங்கவில்லை. அப்படியென்றால் ஃபியூஸ் பெட்டிக்குப் போகாமல் பேட்டரியிலிருந்தே ஏதோ ஒரு வயர் திருட்டுத்தனமாகப் போகிறது. டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தான். மெல்லிய சிவப்பு வயர் ஒன்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டியில் போய் முடிந்தது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். கட்டரை எடுத்து நறுக்கென்று வெட்டினான். மீட்டர் இருபதுக்கு இறங்கியது.

"திருடன் சிக்கிட்டான் அத்தான்."

"என்னது அது?"

"வண்டி எங்க நிக்குதுன்னு போன்ல காட்டுற பெட்டி. நீங்க மாட்டினீங்களா?"

"எனக்கெதுக்கு அது?"

அப்போதுதான் மச்சினன் வயரில் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்தான். அதன் நுனி உள்ளே மடித்து ஒட்டியிருந்தது. அக்கா மகனைத் தவிர வேறு யாரும் அப்படி ஒட்ட மாட்டார்கள். லீவு நாளெல்லாம் மச்சினன் பட்டறையில் கிடந்தவன் அவன். பின்னால பிரிக்கிறவன் நகம் தேயக் கூடாதில்ல மாமா என்பான்.

அவன் போவதற்குச் சில மாதம் முன்பு அத்தானுக்குச் சர்க்கரை இறங்கி, ஆளில்லாத ரோட்டோரம் வண்டிக்குள்ளேயே மயங்கிக் கிடந்தார். பாதி நாள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் மாட்டியிருப்பான். சொன்னால் அப்பா கத்துவார் என்று சொல்லாமலே மாட்டியிருப்பான்.

பெட்டி தன் சொந்தச் சின்னப் பேட்டரியில் மச்சினனின் உள்ளங்கையில் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"அத்தான், நின்ன வண்டியில இது தூங்கிடும். யாராவது போனைத் தொறந்து எங்க இருக்கேன்னு கேட்டாத்தான் முழிச்சுக்கும், அப்பத்தான் பேட்டரியைக் குடிக்கும்."

"யாரு கேப்பா?"

"மாட்டினவன்தான்."

அத்தான் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார். அந்த வண்டி கிளம்பாத ஒவ்வொரு நாளும் அவர் அதை வாயில் வந்தபடி வைதிருக்கிறார். அந்த நாளெல்லாம், எங்கேயோ உட்கார்ந்து பிள்ளை அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கல்லாம், பிள்ளை மனம்.

"திரும்ப மாட்டு," என்றார்.

மச்சினன் மாட்டினான். ஆனால் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை அது என்று அவனுக்குத் தெரியும். வயரை வெட்டினால் அந்தப் பெட்டி முதலில் செய்கிற காரியம், வெட்டிவிட்டார்கள் என்று போனுக்குச் செய்தி அனுப்புவதுதான். பிள்ளை என்ன நினைப்பான்? அப்பா கண்டுபிடித்துவிட்டார், இதையும் அறுத்துப் போட்டுவிட்டார் என்றுதான் நினைப்பான். மறைக்க மனம் வராமல் மச்சினன் அதையும் சொன்னான். அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன் மறுபடி பாப்பான்டா," என்றாள்.

அத்தான் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தினார். நாலு நாளும் சாவியைத் தொடவில்லை. வந்த லோடையும் வேறு வண்டிக்குத் தள்ளிவிட்டார். ஐந்தாம் நாள் காலையில் மூன்று பேரும் கொட்டகையில் நின்றார்கள். பிள்ளை பார்த்திருந்தால் பேட்டரி இறங்கியிருக்கும். கிளம்பக் கூடாதே என்று சாமி கும்பிட்டு ஒரு மனுஷன் வண்டியில் ஏறி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சாவியைத் திருகினார். வண்டி ஒரே திருகில் கிளம்பியது.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் இஞ்சினை அணைத்தார். மறுபடி திருகினார், மறுபடி கிளம்பியது. இறங்கி வந்து மச்சினனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் இவனைக் கெஞ்சியது கிடையாது.

"மாப்ள, எப்படியாவது இதைச் சரி பண்ணிக் குடு."

"வண்டி நல்லாத்தானே இருக்கு அத்தான்."

"அதான்டா சொல்றேன். சரி பண்ணு."

மச்சினன் மீட்டரை எடுத்துக் கோத்து, வண்டியின் முன்னால் உட்கார்ந்தான். அத்தானும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெயில் ஏறி இறங்கும்வரை இருவரும் அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இருபதைத் தாண்டவே இல்லை.