பத்துக்கு எட்டு

அடிவாரம் தாண்டியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை சென்னையில் நிபுணர் குழு முன் நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருஷ உழைப்பு. எலிகளின் மூளையில் மின்கம்பி வைத்ததில் தொடங்கி, எந்த மருந்துக்கும் மசியாத மனச்சோர்வு வந்த மனிதர்களுக்கு வைப்பது வரை வந்திருந்தேன். பன்னிரண்டு பேரில் எல்லோரையும்விடத் தேறியவள் காவேரி. ஏற்காட்டில் காபி பறிக்கிறவள். குழுவுக்கு நான் காட்டப்போகும் முதல் வரைபடமே அவளுடையதுதான்.

மனசு எப்படி இருக்கிறது என்று மாதாமாதம் போனில் கேட்டுக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடலுக்குள் வைத்த கருவியைச் சோதிக்க வேண்டும். அதற்கு உதவியாளரையே அனுப்பியிருக்கலாம், ஆனால் கூட்டம் நெருங்க நெருங்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் சொன்ன டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் காவேரி நல்ல சேலை கட்டிக் காத்திருந்தாள். அவள் புருஷன் சித்தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கதவோரம் நின்றார். நான் அட்டையையும் பேனாவையும் எடுத்தேன்.

"மனசு எப்படி இருக்குது காவேரி? பத்துக்கு எத்தனை?"

"எட்டுங்க டாக்டரம்மா. ஒம்பதுன்னே போட்டுக்கோங்க."

சந்தோஷமாக எழுதினேன். பிறகு அவள் தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கும் பேட்டரியின் மேல் சோதனைக் கருவியை வைத்தேன். திரையில் சிவப்பு. மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் கம்பி அறுந்திருந்தது.

"தலையில சுமை எடுத்தீங்களா?"

"காபிப் பழ மூட்டைங்க. தை மாசம் சீசனில்லீங்களா?"

எடுக்கவே கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கோபம் தலைக்கேறியது. அடுத்த நிமிஷமே இன்னொன்று உறைத்தது. கம்பி அறுந்த பிறகும் எட்டு என்றால், கருவி எதற்கு? நான் எதற்கு?

"நெசமாவே எட்டா?"

"நல்லாயிருக்குதுங்க."

"ஏனுங்க டாக்டரம்மா," என்றார் சித்தன், தரையைப் பார்த்தபடி. "தை மாசத்துலருந்து அவ தூங்கறதில்லீங்க. சோறு எறங்கறதில்லீங்க. செடிக்கு அடிக்கற மருந்தெல்லாம் பொட்டில வெச்சுப் பூட்டி, சாவிய இடுப்புலயே கட்டிட்டுத் திரியறனுங்க. நொம்ப பயமா இருக்குதுங்க."

"போன்ல ஏன் சொல்லலை?" கத்தியே விட்டேன்.

காவேரி எழுந்து நின்றுகொண்டாள். "ரைட்டரய்யா மக கேக்கறப்ப, நல்லால்லைன்னு எப்படிங்க சொல்றது?"

என் அப்பா ஆரோக்கியதாஸ் இதே எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். காலையில் பேர் கூப்பிடும்போது ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, "ஒடம்பு நல்லாயிருக்குதா?" என்பார். இல்லை என்றால் அன்றைக்குப் பேர் வெட்டு, வேலை கிடையாது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே "நல்லாயிருக்குதுங்க" என்றவர்களை அப்பாவின் பக்கத்தில் நின்று நானே பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் பாவாடை கட்டிய காவேரியும் நின்றிருந்தாள். இரண்டு வருஷமாக அதே கேள்வியை அவளிடம் கேட்டு, அவள் சொன்னதை வரைபடமாக்கிப் பெருமைப்பட்டிருக்கிறேன். மூளையைப் படித்தேனாம், மூளை! வெட்கமாக இருந்தது.

பேனாவைப் பைக்குள் போட்டேன். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"எத்தனை சொன்னாலும் உங்க பேரை வெட்ட மாட்டேன். கம்பியை மாத்தறது என் பொறுப்பு. இப்பச் சொல்லுங்க."

அவள் சித்தனைப் பார்த்தாள். அவர் இடுப்புச் சாவியைப் பார்த்தாள்.

"ஒண்ணுங்க," என்றாள். சொன்னதும் உடைந்து அழுதாள். என்னாலும் அடக்க முடியவில்லை.

திங்கட்கிழமை வர முடியாது என்று சென்னைக்குச் செய்தி அனுப்பினேன். அந்த வரைபடம் இனி எதற்கு? மற்ற பதினோரு பேரையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் இவளை இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

சித்தன் வீட்டைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறினார். முதல் வளைவு திரும்பியதும் பின்சீட்டிலிருந்து காவேரி மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டரம்மா, எம் பேரு இருக்குதுங்களா?"

"இருக்குது காவேரி," என்றேன்.