எட்டாம் மாசத்துப் பிள்ளை

தொண்ணூற்று மூன்றில் ஆவடிப் பக்கம் வீடு வீடாகப் போய், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பற்றி விசாரித்து எழுதுவது என் வேலை. ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் ராஜசேகரன் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "ஞானகுமாரி, கேள்வி கேக்கணும், பதிலை எழுதணும், வந்துடணும். ஊர் வம்பு நமக்கு வேண்டாம்." என் வாயைப் பற்றி எவளோ அவரிடம் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

சேக்காட்டில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பு. மதிலுக்கு உள்ளே குறைமாதக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்திருந்தன. வெளியே குடிசைகளில் பெரும்பாலும் இல்லை. ஏன் என்று கேட்டால் குடிசைகளில் ஒரே பதில்: "ஏழு தங்கும், எட்டு தங்காது." ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்குமாம், எட்டாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்காதாம். கூட ஒரு மாதம் வயிற்றில் இருந்த பிள்ளை எப்படி ஐயா பிழைக்காமல் போகும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் காலை உத்தமன் வீட்டுக்குப் போனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூட்டை தூக்குகிறவன். அவன் மனைவி சாமுண்டீஸ்வரிக்கு முந்தின நாள்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை மூலையில் ஒரு முறத்தில், பழைய துணியில் கிடந்தது. தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், உத்தமன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். தொட்டுப் பார்த்தேன். பாதம் சில்லென்றிருந்தது, ஆனால் மூச்சு இருந்தது.

"அடப்பாவி! உசுரோட இருக்கிற பிள்ளையை முறத்துல போட்டு வச்சிருக்கியே!"

"எட்டாம் மாசம்மா. தங்காது."

"எவன் சொன்னான்? மதிலுக்கு அந்தாண்ட ஹில்டாவோட பையனும் எட்டுதான். குதிச்சிக்கிட்டுத் திரியுறான்!"

உத்தமன் என்னை முறைத்தான். "அவங்க ஊட்டுக்கு வண்டி வந்துச்சி. என் மொத புள்ளயும் எட்டுதான். தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடனேன். பஸ் மாறிப் போறதுக்குள்ள கையிலயே பூட்டான். எட்டு தங்காதுன்னு சொன்னா மனசு கொஞ்சம் ஆறுது. வண்டி இல்லாம செத்தான்னு நெனச்சிகினு எப்டி தூங்கறது, சொல்லு?"

"எட்டு தங்காதுன்னு எங்கம்மாவும்தான் அழுதாங்க. அதுக்குள்ள வேன் வந்துடுச்சு, ஏறிட்டோம்" என்று முந்தின வாரம் ஹில்டா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்பிக்கை மதிலுக்கு ரெண்டு பக்கமும் ஒன்றுதான். வண்டிதான் ஒரு பக்கம்.

குழந்தையைத் தூக்கித் தாயின் வெறும் மார்பில் கிடத்தி, மேலே புடவையைச் சுற்றினேன். "இறுக்கிப் புடிச்சுக்கோ. உன் சூடுதான் இப்போ அதுக்கு மருந்து." அவள் என்னை நம்பினாளோ இல்லையோ, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் குடியிருப்பு வாசலுக்கு ஓடினேன்.

தொழிற்சாலை வேன் டிரைவர் பாஸ்கல் டீ குடித்துக்கொண்டிருந்தார். "குவார்ட்டர்ஸ்காரங்களுக்கு மட்டுந்தாம்மா. என் வேலை பூடும்."

"வேலை போனா வேற வேலை. பிள்ளை போனா? ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையில எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு முட்டி போடுவீங்க?"

பாஸ்கல் தலையில் அடித்துக்கொண்டார். "உன் வாயில வுழுந்து எவன் எழுந்துக்கிறது? ஏறு, ஏறு."

தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, டாக்டர் ராஜசேகரனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவர் முழுவதையும் கேட்டார், திட்டவில்லை. மறுநாளிலிருந்து எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டோம்: வண்டி கிடைத்ததா? ஆராய்ச்சி முடிந்தபோது, குடிசைகளுக்கும் ஒரு வேன் வேண்டும் என்று அவரே அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் உத்தமன் வீட்டுக்குப் போனேன். குழந்தை கயிற்றுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு வசந்தா எட்டிப் பார்த்தாள். "இதுவா எட்டு? ஏழாத்தான் இருக்கும். நீங்க தப்பா எண்ணிட்டீங்க. எட்டு எங்க தங்கியிருக்கு?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் உத்தமனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"எட்டுதான்" என்றான். "வண்டி வந்துச்சி. தங்கிச்சி. மொத புள்ளயும் தங்கியிருப்பான்."

சாமுண்டீஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. குழந்தை மட்டும் அப்பன் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.