நீலகண்டன் காட்டியது

வைகாசிப் பாதியில் வரும் இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில்தான் நீலகண்டனுக்குப் பக்கவாதம் வந்தது. கரமனையிலிருந்து தினமும் நடந்தே சர்க்கார் கச்சேரிக்குப் போய் முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்த மனுஷர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், ‘மா’ என்ற ஒரே சத்தம்தான் மிஞ்சியது. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். முகத்தைப் பார்த்து எது என்று மனைவி பாகீரதி கண்டுபிடிப்பாள்.

பத்தாம் நாள் காலை மழை சற்று விட்டிருந்தது. கஞ்சி புகட்டிய கையைத் தள்ளிவிட்டு, அவர் இடது கையால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார்.

“என்ன வேணும்? கண்ணு கூசறதா? சாத்தட்டுமா?”

இல்லையென்று தலையை ஆட்டினார்.

“யாராவது வராளா?”

அதுவும் இல்லை. வெளியே கொல்லை மதில், ஒரு முருங்கை, துணிக்கொடி. அவ்வளவுதான். வெகுநேரம் நீட்டியிருந்த கை களைத்துப்போய்த் தானே விழுந்தது.

அவர் பாட்டு எழுதுகிறவர். சோற்றில் கை வைத்தபடியே புதிதாகக் கட்டிய அடியைச் சொல்ல ஆரம்பிப்பார். “புளி வாங்கச் சொன்னா பூச்சியப் பத்திப் பாட்டோட வரேளே” என்று அவள் அலுத்துக்கொள்வாள். ஒன்றையாவது முழுதாகக் கேட்டதில்லை. அவளுக்கு எழுத்தும் தெரியாது.

சாயங்காலம் கச்சேரியில் கூட வேலை பார்த்த நண்பர் அழகியநம்பி பார்க்க வந்தபோது, பாட்டு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். “ஜன்னலுக்கு வெளியே இருக்கறதப் பத்தி இதிலே ஏதாவது இருக்கா, பாருங்கோ.”

அவர் புரட்டிப் புரட்டி வாசித்தார்.

“இலைமேல் நின்ற ஒரு துளி,
எறும்புக்கு அதுவே கரமனை ஆறு.”

 அவர் அடுத்ததை வாசித்தார்.

“மழைக்கு எழுந்தது மதிலின் பாசி;
மயிரிழைத் தண்டுதோறும் ஒரு குடம் நீர்.”

அவள் கொல்லைக்கு ஓடினாள். இருபத்தாறு வருஷம் துணி உலர்த்திய இடம். மதிலோரம் குனிந்து பாசியைப் பார்த்தாள். பச்சைத் தண்டுகள் நூறு நூறாக நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் துளி. அப்படியே உள்ளே ஓடிவந்தாள்.

“பாசிதானே? அதைத்தானே காட்டினேள்?”

நீலகண்டன் மெதுவாகத் தலையை ஆட்டினார். இல்லை.

அழகியநம்பி நோட்டை மூடினார். “இதுல உள்ளதெல்லாம் முன்னமே எழுதினதாக்கும் அம்மா. காலம்பற கண்டது இனிமே எழுத இருந்ததா இருக்கும்.”

மறுநாளிலிருந்து அவள் தேட ஆரம்பித்தாள். ஓட்டில் ஊரும் நத்தையை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். சிலந்தி வலையை, வாழைக் குருத்தைச் சொல்லிப் பார்த்தாள். எதற்கும் இல்லை. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது மனசு துள்ளியது. துள்ளியதற்காகவே அழுகையும் வந்தது. இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்ன குரலைக் கேட்காமல் விட்டோமே.

தேட ஆரம்பித்த ஐந்தாம் நாள் அவரது இடது கையும் எழவில்லை. பாகீரதிதான் ஜன்னலண்டை நின்று சொன்னாள். “ஏன்னா, துணிக்கொடியிலே துளியெல்லாம் வரிசையா நிக்கறது. விழறதுக்கு ஒண்ணுக்கொண்ணு வழி விடறாப்பல இருக்கு.”

அவர் அவளையே வெகுநேரம் பார்த்தார். கண் நிறைந்தது. தலை ஆமென்றும் அசையவில்லை, இல்லையென்றும் அசையவில்லை.

“அதுவா? அதுதானா? சொல்லுங்கோளேன்.”

மழை மறுபடி வலுத்தது. சாரல் படுக்கையில் அடித்தது. அவர் நனையாமலிருக்க அவள் ஜன்னலைச் சாத்தவேண்டியதாயிற்று.