மானேஜரின் கசெற்

"இரத்தினசிங்கம், என் கசெற் எங்கே?"

மஸ்கட் ஆபீசில் எங்கள் அமெரிக்க மானேஜர் மூன்று வாரமாகக் காலையில் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

இன்று கன்ட்ரி பாட்டுக்குப் பேர்போன ஒருவன் இளவயதில் பாடிய புளூஸ் என்ற சோகப் பாட்டு ஆல்பம் அது. இப்போது எங்கும் கிடைக்காதாம். ரூவிப் பக்கத்துப் பாட்டுக் கசெற் கடையில் இன்னொரு பிரதி எடுத்துவரச் சொல்லித் தந்திருந்தார். பெயரெழுதாத கறுப்புக் கசெற். ஊருக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்ப என் அறையிலும் அப்படியே ஒன்று கிடந்தது. வெள்ளிக்கிழமை அவசரத்தில் எதில் பேசித் தொலைத்தேன்? அவருடையதில். யாழ்ப்பாணத்திலிருக்கும் மனைவி கமலேஸ்வரிக்கு, "சுகமா இருக்கிறன், சாப்பாடு நல்லம், ரூமில ஏசி இருக்கு" என்று பத்து நிமிடம் பேசி, லீவில் ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தும் விட்டேன். சொன்ன மூன்றும் பொய்.

வந்த கசெற்றிலேயே, வந்ததை அழித்துப் பதில் பேசி அனுப்புவது எங்கள் வழக்கம். கமலேஸ்வரி தொடங்கினால் இரண்டு பக்கமும் போதாது. "கடைக்காரன் நாளைக்குத் தருவான்" என்று மானேஜரிடம் சொல்லிச் சொல்லியே எனக்கு நித்திரை போனது.

நேற்றுக் கசெற் திரும்பி வந்தது. உடனே போட்டுக் கேட்டேன்.

"நீங்கள் சொன்னதை அழிச்சுப்போட்டுத்தான் கதைக்கிறன்" என்றாள். "அதுக்குப் பிறகு பாடுற ஆளை அழிக்கேல்லை. பாஷை விளங்கேல்லை. ஆனா நீங்கள் சொல்லாம விட்டதெல்லாம் அந்தாள் சொல்லுது போல கிடக்கு."

இன்று காலையும் மானேஜர் கேட்டார். கடைக்காரன் நாளைக்குத் தருவான் என்றேன்.