ஹாவ்லிக் விட்டுக்கொடுத்த வசனம்

மைலோ ஹாவ்லிக்குக்குச் சாவதென்றால் கொள்ளை ஆசை. சிகாகோ ரேடியோவில் அவர் நடித்த திகில் நாடகத்தில் வாரம் ஒருத்தன் செத்தாக வேண்டும். அந்த வேடம் அவருக்குத்தான். கத்திக்குத்து, விஷம், தண்டவாளம், எதுவானாலும் சரி. வசனத் தாளில் ஒரு முனகல் எழுதியிருந்தால் அவர் ஒரு பாட்டம் முனகுவார். இல்லாத வசனத்தைச் சேர்ப்பார். மற்ற நடிகர்கள் தாளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நிற்க வேண்டியதுதான். பேசப் பேச அப்படியே நேரடியாகக் காற்றில் போகிற நிகழ்ச்சி அது. நடுவில் எவன் வந்து நிறுத்துவான்?

"யோவ், இன்னிக்காவது சட்டுபுட்டுனு செத்துத் தொலையும்" என்றாள் மர்ட்டில் ஹோபார்ட். நாடகத்தில் பாதி வாரம் அவருக்கு மனைவி, மீதி வாரம் அவரைக் கொல்கிறவள். "போன வாரம் நீரு செத்து முடிக்கறதுக்குள்ள சோப்பு விளம்பரத்துக்கே நேரமில்லாமப் போச்சு."

"அம்மணி, கம்பெனிக்காரன் சோப்பு விக்கறதே என் சாவாலதான்."

அந்த வாரக் கதையில் அவரை உயிரோடு புதைக்கிறார்கள். மனைவியின் அக்காளைக் கொன்று எங்கோ மறைத்துவிட்ட பாவி அவர். மண்ணுக்குள்ளிருந்து கதறுவார். கடைசியில் அவள், "எங்க அக்கா எங்கே?" என்று கேட்பாள். "ஆப்பிள் மரத்தடியில" என்று சொல்லிவிட்டு அவர் உயிரை விட வேண்டும். கதையே அந்த ஒரு வரியில்தான் முடிகிறது. கேட்கிறவன் முதுகு சில்லிட்டுப் போகும். ஹாவ்லிக் நாலு நாளாகச் சவரம் செய்யும்போதுகூட அந்த வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் தார்ப்புக்குக் குரல் நிஜமாகவே குழிக்குள்ளிருந்து வர வேண்டுமாம். கட்டடத்தின் அடித்தளத்தில் பழைய அறை ஒன்று இருந்தது. முன்னே அங்கே ரோமக் கோட்டு வியாபாரி ஒருவன் கடை வைத்திருந்தான். பணக்காரச் சீமாட்டிகளின் கோட்டுகளைக் கோடைக்காலத்தில் பூச்சி அரிக்காமல் வைக்கிற குளிர் அறை. சுவரெல்லாம் தக்கை, இரும்புக் கதவு, சுவரோரம் குளிர்பதனக் குழாய்கள். அங்கே ஒரு மைக்கைக் கொண்டுபோய் வைத்தார்கள். மேலே நடப்பதைக் கேட்கக் காதுக்குழல் ஒன்றும் கொடுத்தார்கள்.

ஹாவ்லிக் வாசலிலேயே நின்றார். "குஸ், உள்ளேருந்து திறக்க வழியே இல்லையேடா?"

"கொண்டி வெளியிலதான் அண்ணே. நாடகம் முடிஞ்சதும் நானே வந்து திறந்துவிடறேன்" என்றான் ஒலிப்பொறியாளன் குஸ் லிண்ட்குவிஸ்ட்.

"சும்மா ஒருக்களிச்சு வெச்சா என்ன?"

"தெருவுல டிராம் போற சத்தம் உள்ள வரும். பொதைச்சவன் காதுல டிராம் கேக்குமா?"

"இந்தக் குழாயில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லே. கடைக்காரன் காலி பண்ணறப்பவே எல்லாத்தையும் வடிச்சுட்டான்."

"நீ பாத்தியா?"

"சொன்னாங்க."

'சொன்னாங்க' என்பதை நம்பிச் செத்தவர்களைக் கொண்டு ஒரு ஊரையே நிரப்பலாம். ஹாவ்லிக்குக்கும் அது தெரியும். ஆனால் ஆப்பிள் மரம் இழுத்தது. உள்ளே போனார். கொண்டி விழுந்தது. மேலே ஒலிபரப்பு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் அந்தக் கட்டடத்தில் எந்தக் கதவையும் எவனும் திறக்கக் கூடாது. தீப்பிடித்தால்கூட நுனிக்காலில் நடந்துபோய்த்தான் அணைக்கணும் என்பான் தார்ப்.

நாடகம் ஆரம்பித்தது. காதுக்குழலில் மண் வெட்டும் சத்தம், ஆர்கன் வாத்தியம், மர்ட்டிலின் சிரிப்பு. ஹாவ்லிக் கதறினார். சவப்பெட்டியைத் தட்டுவதற்கு ஒரு பலகையும் மரச் சுத்தியலும் கொடுத்திருந்தார்கள். பலகைச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. அடுப்படி அலமாரியைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பார்த்தார், குழாயிலேயே ஓங்கி ஒன்று போட்டார். கணீரென்றது. இன்னொன்று போட்டார்.

துருப்பிடித்த இணைப்பு பிளந்துகொண்டது. சீறல். குதிரை லாயத்து மூத்திர வாடையை ஆயிரம் மடங்காக்கி மூக்கில் திணித்தது போல ஒரு நெடி. அறையைக் குளிர வைத்த அம்மோனியா. வடித்துவிட்டார்களாம்! கண் திறக்க முடியவில்லை. தொண்டைக்குள் நெருப்பு.

"கதவத் திறங்க! வெஷக் காத்து! நெசமாச் சொல்றேன், இது நடிப்பில்லே!"

காதுக்குழலில் மர்ட்டில் சிரித்தாள். "கத்துங்க, நல்லாக் கத்துங்க. மண்ணுக்கு ஏது காது?"

அது தாளில் இல்லாத வசனம். ஹாவ்லிக் வழக்கம்போல இழுக்கிறார் என்று நினைத்து அவளும் இழுத்தாள். எவன் தாளை விட்டு ஓடினாலும் கூடவே ஓடிப் பிடிப்பதுதான் அவர்கள் தொழில்.

"குஸ்! டேய் குஸ்! கொண்டிய எடுடா!"

"குஸ்ஸா? வெட்டியான் குஸ் அப்பவே வீட்டுக்குப் போயிட்டானே!"

ஆர்கன்காரன் அதற்கேற்ப உறுமினான். கதவைத் தோளால் இடித்தார். கதவு அசையவில்லை. சுத்தியலால் அடித்தார். சத்தத்தைத் தக்கை தின்றது. மைக் வாங்கிக்கொண்டதெல்லாம் மேலே போய் நாடகமாகிவிட்டது. தொண்டைக்கு வைத்திருந்த தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்தார். கீழே கொஞ்சம் மூச்சு கிடைத்தது.

இத்தனை வருஷம் காசு வாங்கிக்கொண்டு அலறியாகிவிட்டது. இனி எந்த அலறலை எவன் நம்பப் போகிறான்? எவ்வளவு உண்மையாகக் கத்தினாலும் தார்ப் அவ்வளவு சந்தோஷப்படுவான்.

காதுக்குழலில் ஆர்கன் அடங்கியது. மர்ட்டிலின் குரல் தாழ்ந்து வந்தது.

"சொல்லு. எங்க அக்கா எங்கே?"

அவருடைய வரி. நாக்கு தானாகப் புரண்டது. சொல்லிவிட்டால் கதை முடியும். ஆனால் பிறகு ஆர்கன், அறிவிப்பாளன், சோப்பு விளம்பரம், பிறகுதான் விளக்கு அணையும். அதற்கப்புறம் குஸ் ஆடி அசைந்து இறங்கி வருவான். அதுவரை இந்த நெஞ்சு தாங்காது. ரேடியோக்காரனுக்குப் பயம் என்பது ஒன்றே ஒன்றுதான். காற்றில் ஒன்றுமே போகாமல் இருப்பது.

ஹாவ்லிக் வாயை மூடிக்கொண்டார். இருமல் முட்டியது. கைக்குட்டையைக் கடித்தார்.

"எங்க அக்கா எங்கேன்னு கேக்கறேன்!"

பேசவில்லை. ஆர்கன்காரன் தடுமாறி ஏதோ வாசித்தான். அதுவும் தீர்ந்தது. தாள் சலசலக்கும் ஓசை கேட்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் அவரிடம் கேட்டிராத ஒன்று இது. ஹாவ்லிக் வசனத்தை விடுவதா? அடுத்தவன் வசனத்தையே பிடுங்கித் தின்கிற ஆள், தன் வசனத்தை விடுவாரா?

"ஐயோ" என்றாள் மர்ட்டில். அது நடிப்புக் குரலில்லை. தாள்கள் கொட்டின. நாற்காலி விழுந்தது. குதிகால் செருப்பு தடதடவென்று ஓடியது. தார்ப், "மர்ட்டில், விளக்கு எரியுது!" என்று சீறியதும்கூடக் காற்றில் போயிற்று.

அவள் இறங்கி வருகிற அந்தப் படிக்கட்டு அவருக்கு முடிவதாயில்லை. கொண்டி கிறீச்சிட்டது. இரும்புக் கதவு திறந்தது. அவள் தோளில் போட்டிருந்த மெல்லிய சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே பாய்ந்து அக்குளில் கை கொடுத்து இழுத்தாள்.

"யோவ்! ஏன்யா பேசல?"

"பேசினேனே..." கிழிந்த குரலில் சொன்னார். "எவ நம்பினா?"

வாசலைத் தாண்டும்போது மைக் கண்ணில் பட்டது. அது இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மனுஷன் கழுத்தைத் திருப்பினார். "ஆப்பிள் ம—"

மர்ட்டில் அவர் வாயைப் பொத்தித் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஊர் முழுக்க என்ன நினைத்ததென்றால், பெண்டாட்டி மனசு மாறிக் குழியைத் தோண்டிப் புருஷனைக் காப்பாற்றிவிட்டாளாம். சோப்புக் கம்பெனிக்காரனுக்குப் பரம திருப்தி.

அடுத்த வாரம் தார்ப் முதுகில் தட்டினான். "பெரியவரே, அந்த மௌனம் இருக்கு பாருங்க, அபாரம்! இந்த வாரமும் கீழேயே வெச்சுக்கலாம். குழாயை அடைச்சாச்சு."

"நீரு பாத்தீரா?"

"சொன்னாங்க."

ஹாவ்லிக் கீழே இறங்கவில்லை. ஸ்டூடியோவிலேயே, வாசலை ஒட்டி, ஒரு மைக்கை இழுத்துப் போட்டுக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. குஸ் கதவைச் சாத்தப் பார்த்தான், முடியவில்லை. இடுக்கில் ஹாவ்லிக்கின் இடது பூட்ஸ் இருந்தது. குஸ் கண்ணால் கெஞ்சினான். பூட்ஸ் நகரவில்லை.

அன்றைக்கு அவர் பாலைவனத்தில் தாகத்தில் செத்தார். பின்னால் மணியடித்துக்கொண்டு டிராம் போயிற்று.