ஓசிப் பெட்டி

"இறக்காண்டாம். அப்படியே திருப்பிக் கொண்டு போங்க."

வேனிலிருந்து பாதி வெளியே வந்துவிட்ட ஃப்ரீசர் பெட்டியைச் சபிதா கைவைத்துத் தடுத்தாள். பெட்டியின் பக்கத்தில் அல்போன்ஸ் கடையின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. வீட்டுக்குள்ளே அப்பா பொன்னுலிங்கத்தின் உடல் பெஞ்சில் கிடந்தது. துபாயிலிருந்து அண்ணன் அனீஷ் வந்து சேர நாளை மதியமாகும்.

"முதலாளி சும்மா குடுத்து விட்டாருக்கா. பழசயெல்லாம் மறந்துரணுமாம்" என்றான் டிரைவர் ஷிஜின்.

பழசு என்றால் ஃப்ரிட்ஜ். அல்போன்ஸ் கடையில் வாங்கிய அது ஒருநாள்கூட ஒழுங்காகக் குளிரவில்லை. மாற்றித் தரக் கேட்டதற்கு, "உமக்கு ஃப்ரிட்ஜு வச்சுப் பழக்கமில்ல" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார் அல்போன்ஸ். அப்பா வக்கீல் வைக்காமல் தானே நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். ஐயாவழிக்காரர், சாமி முன்னால் நிற்பதுபோலத் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வாதாடினார். சாட்சிக்கு, ஃப்ரிட்ஜில் திரிந்த பாலைத் தூக்குவாளியில் கொண்டுபோய், "மோந்து பாருங்க" என்று நீட்டினார். நாகர்கோவில் வரைக்கும் இந்த வெயிலில் பஸ்ஸில் வந்தால் எந்தப் பால்தான் திரியாது என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல். கேஸ் தள்ளுபடி. அப்பா விடுகிற ஆளா? மதுரையில் அப்பீல் போட்டார். அடுத்த வாரம் விசாரணை.

மாமா தாணுலிங்கம் வேகமாக வந்தார். "ஏட்டி, பொணத்த வச்சுகிட்டா வீம்பு? ஆளே போயாச்சு. இனி ஏது கேஸு?"

"நான் வாரிசு மாமா. நான் நடத்துவேன். இந்தப் பெட்டியில அப்பாவ வச்சா, அவரு தோத்துட்டாருன்னுல்லா ஆவும்?"

"வெயிலு பாத்தியா? நாளைக்கு வரைக்கும் தாங்குமா?"

பெட்டியிலிருந்து சபிதா கையை எடுக்கவில்லை.

அப்பாவின் கால்மாட்டில் இருந்த அம்மா முத்துக்கனி எழுந்து வந்தாள்.

"அண்ணா, குளச்சலுக்கு ஆள் விடுங்க. ஐஸ் கொண்டு வரட்டும்."

துறைமுகத்து ஐஸ் மீன் வாடையோடு வந்தது. உருக உருக மாற்றி அடுக்கினார்கள். தண்ணீர் முற்றம் வரை ஓடியது. முகம் சுளித்தவர்களை அம்மா ஏறிட்டும் பார்க்கவில்லை.

அனீஷ் வந்தபின் அப்பாவைக் குளிப்பாட்டி நாமம் இட்டார்கள். தலைப்பாகைக்கு அம்மா புதுத் துணி எடுத்துக் கொடுத்தாள். மாமா துணி காயும் கொடியைக் காட்டினார்.

"மச்சான் கோர்ட்டுக்குக் கட்டுனது அங்க கெடக்கே. அத எடு."

"அது மதுரைக்குப் போவணும்" என்றாள் அம்மா.

அந்தத் துணியைக் கொடியிலிருந்து உருவி, உதறி, மடித்துச் சபிதாவின் கையில் கொடுத்தாள்.